முட்டைக்கோஸ் தோட்டத்துல விழுந்த ராக்கெட்

ஐடிஐ முடிச்சிட்டு கோயம்புத்தூர்ல ஒரு பம்ப்செட் பட்டறைல வேலைக்கு சேந்தப்ப எனக்கு 19 வயசு. அங்க ஒரு பெரியவர் இருந்தாரு. இம்பெல்லர், அதாவது பம்ப்புக்குள்ள சுத்தி தண்ணியைத் தள்ளற சக்கரம், அதை பேலன்ஸ் பண்றதுல அவர அடிச்சுக்க ஆளே கிடையாது, அவர் கை பட்ட பம்ப் ஓடிட்டு இருக்கறப்ப மேல ஒரு ரூபா காசை நட்டுக்க நிறுத்தி வச்சாலும் விழாது. ஆனா முக்கியமான இடம் வர்றப்ப எல்லாம் "கண்ணு, போய் டீ வாங்கிட்டு வா"ன்னு அனுப்பிருவாரு. டீயோட நான் திரும்பறதுக்குள்ள வேலை முடிஞ்சிருக்கும். நாலு வருஷம் டீ வாங்கினேன். ஒருநாள் ராத்திரி நெஞ்சுவலின்னு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு போனாங்க, காலைல அவர் இல்ல. அப்புறம் எட்டு மாசம், ஒன்பது மாசம் நாங்க எத்தனை இம்பெல்லரை ஸ்கிராப்ல தூக்கிப் போட்டோம்னு எனக்குத்தான் தெரியும். அவர் டிராயர்ல ஒரு நோட்டு இருந்துச்சு, அதுல அவருக்கு மட்டும் புரியற மாதிரி கோடும் புள்ளியும்தான்.

ராபர்ட் கோடார்டைப் பத்தி எதைப் படிச்சாலும் எனக்கு அந்த டிராயர்தான் ஞாபகம் வரும். திரவ எரிபொருள்ல பறந்த உலகத்தோட முதல் ராக்கெட்டை செஞ்ச மனுஷன். அமெரிக்க ராக்கெட் வரலாறுன்னா அவர்ல இருந்துதான் ஆரம்பிப்பாங்க, ஆனா உள்ள போய் படிக்கப் படிக்க, அவர் ஆரம்பிச்சது ஒரு பக்கமும் அமெரிக்கா நிஜமா ராக்கெட் கத்துக்கிட்டது இன்னொரு பக்கமுமா கிடக்குது. அது ஏன்னு ரொம்ப நாளா மனசுல ஓடிட்டு இருந்துச்சு, அதைத்தான் எழுதறேன்.

1899 அக்டோபர் 19. மாசசூசெட்ஸ் மாநிலத்துல வூஸ்டர்ங்கற ஊரு. 17 வயசுப் பையன் ஒருத்தன் கொல்லைல இருந்த செர்ரி மரத்துல காஞ்ச கிளைய வெட்டறதுக்கு ஏறுறான். மேல இருந்து கீழ புல்லைப் பாத்துட்டே இருக்கறப்ப, இங்கருந்து கிளம்பி செவ்வாய் கிரகத்துக்குப் போற மாதிரி ஒரு சாதனம் செஞ்சா எப்படி இருக்கும்னு தோணுது. மரத்துல ஏறுனவன் வேற, இறங்குனவன் வேறன்னு பிற்காலத்துல அவரே எழுதி வச்சிருக்காரு. சாகற வரைக்கும் வருஷா வருஷம் அந்தத் தேதியை டைரில கல்யாண நாள் மாதிரி குறிச்சு வச்சவரு, ஊர்ல இருந்தா அந்த மரத்தைப் போய் பாத்துட்டு வருவாரு.

படிச்சு ஃபிசிக்ஸ் பேராசிரியர் ஆனாரு. 1913-ல டிபி வந்து, ரெண்டு வாரம் தாங்கினா பெருசுன்னு டாக்டருங்க சொல்லிட்டாங்க. படுக்கைல இருந்து எழுந்து வந்து அடுத்த வருஷமே, 1914 ஜூலைல ரெண்டு பேட்டன்ட் வாங்கறாரு. ஒண்ணு அடுக்கடுக்கா கழண்டு விழற ராக்கெட், இன்னொண்ணு திரவ எரிபொருளை உள்ள விட்டு எரிக்கற ராக்கெட். இன்னைக்கு வரைக்கும் விண்வெளிக்குப் போற பெரிய ராக்கெட்ல பெரும்பாலானது இந்த ரெண்டு யோசனையிலதான் நிக்குது, அதை ஒரே மாசத்துல காகிதத்துல பதிஞ்சு வச்சிட்டாரு மனுஷன்.

அப்புறம் அவர் பண்ணது எனக்கு ரொம்பப் பிடிச்ச வேலை, உக்காந்து அளந்து பாத்தாரு. அந்தக் காலத்து வெடிமருந்து ராக்கெட், நம்ம தீபாவளி ராக்கெட்டோட பெரியண்ணன்னு வச்சுக்கோங்க, மருந்துல இருக்கற சக்தில ஏறக்குறைய 2 சதவீதத்தைத்தான் உந்துதலா மாத்துச்சு, மிச்சமெல்லாம் சூடாவும் புகையாவும் வீண். நீராவி டர்பைனுக்காக டி லாவல்ங்கற ஸ்வீடன்காரர் ஒரு நாசில், அதாவது நீராவி பீச்சி வெளிய வர்ற குழாய் வாய், செஞ்சிருந்தாரு, நடுவுல ஒடுங்கி மறுபடி விரியும், உடுக்கையைப் படுக்க வச்ச மாதிரி. கோடார்ட் அதை ஸ்டீல் சேம்பர்ல மாட்டி வெடிச்சுப் பாத்தாரு, 60 சதவீதத்துக்கும் மேல போயிருச்சு. நாசில் வடிவத்தை மாத்துனதுல இவ்வளவு வித்தியாசம். பம்ப் வேலை செய்யறவனுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம்னு தெரியும், நாங்க 3 சதவீதம் எஃபிஷியன்சி ஏத்தறதுக்கு வருஷக்கணக்கா பம்ப்போட வெளிக்கூட்டைத் தேய்ச்சிட்டு இருப்போம். அதோட விடல. காத்தை உறிஞ்சி எடுத்துட்ட குழாய்க்குள்ள வச்சும் வெடிச்சுப் பாத்தாரு. வெற்றிடத்துல ராக்கெட் நல்லாவே தள்ளுது, சொல்லப்போனா வெளிய தள்றதைவிட அதிகமாவே தள்ளுதுன்னு நிரூபிச்சாரு.

இதையெல்லாம் காட்டி, ஆராய்ச்சிக்குப் பணம் குடுக்கற ஸ்மித்சோனியன் நிறுவனத்துக்கிட்ட கேட்டதுல 1917-ல 5000 டாலர் குடுத்தாங்க. 1919-ல 69 பக்கத்துல ஒரு அறிக்கை வெளியாச்சு. முழுக்க கணக்கு. ஆனா கடைசிப் பக்கம் ஒண்ணுல, இதே கணக்குப்படி ராக்கெட்டை நிலாவுக்கே அனுப்பலாம், அங்க போய் பளிச்சுன்னு எரியற பவுடரை வெடிக்க வச்சா பூமில இருந்து டெலஸ்கோப்ல பாத்துக்கலாம்னு ஒரு வரி எழுதிட்டாரு.

அந்த ஒரு வரியைத்தான் பத்திரிகைங்க பிடிச்சிக்கிச்சு. 1920 ஜனவரி 13 அன்னைக்கு நியூயார்க் டைம்ஸ் தலையங்கப் பக்கத்துல, வெற்றிடத்துல தள்றதுக்கு என்ன இருக்கு, காத்தே இல்லாத இடத்துல ராக்கெட் எதைத் தள்ளி மேல போகும், ஹைஸ்கூல் பசங்களுக்கு தினமும் சொல்லிக் குடுக்கற பாடம் கூட இந்தப் பேராசிரியருக்குத் தெரியலையேன்னு எழுதுனாங்க. இதை எப்ப படிச்சாலும் எனக்கு வயிறு எரியும். படகுல நின்னுட்டு கரைக்குத் தாவுனா படகு பின்னால போகுதே, அது காத்தைத் தள்ளியா போகுது? நியூட்டன் சொல்லி 200 வருஷத்துக்கு மேல ஆச்சு. அதுவுமில்லாம இந்த மனுஷன் சும்மா சொல்லல, வெற்றிடக் குழாய்ல தன் கையாலயே செஞ்சு பாத்துட்டு சொல்றாரு.

அன்னைக்கோட அவர் கதவை சாத்திக்கிட்டாருன்னு நிறைய பேர் எழுதறாங்க. முழுசா அப்படின்னு எனக்குத் தோணல, முன்னாடியே யாராவது தன் யோசனையைத் திருடிருவாங்கங்கற பயம் அவர்கிட்ட இருந்துச்சு, சுபாவமே அப்படி. ஆனா ஏற்கனவே பாதி சாத்தியிருந்த கதவுக்கு இவங்க தாழ்ப்பாளே போட்டு விட்டாங்க.

இப்ப 1926 மார்ச் 16. வூஸ்டர் பக்கத்துல ஆபர்ன்ங்கற சின்ன ஊரு, சொந்தக்கார அம்மா ஒருத்தங்களோட பண்ணை, எஃபி அத்தைன்னு கூப்பிடுவாரு. தரையில பனி உறைஞ்சு கிடக்குது. பைப்பை வச்சு கட்டின ஒரு சட்டத்துல சுமார் 10 அடி உயரத்துக்கு ஒரு ராக்கெட் நிக்குது, ஆனா இன்னைக்கு பாக்கறவங்க அதை ராக்கெட்னே சொல்ல மாட்டாங்க. என்ஜின் உச்சில இருக்கு, டேங்க் எல்லாம் கீழ தொங்குது, நடுவுல ரெண்டு ஒல்லி குழாய்தான் இணைக்குது, பாக்கறதுக்கு ஏணில பாதியை உடைச்சு எடுத்த மாதிரி இருக்கும். என்ஜின் மேல இருந்து இழுத்துட்டுப் போனா கொத்தனார் தூக்குக்குண்டு மாதிரி கீழ இருக்கறது நேரா தொங்கும்னு அவர் நினைச்சாரு. அது தப்பு. ராக்கெட் சாய்ஞ்சா என்ஜினும் சேந்து சாய்ஞ்சிரும், தள்ற திசையும் அதோடவே திரும்பிரும், அதனால நிமித்தறதுக்கு எதுவுமே இல்ல. அந்தத் தப்பை அவரே கண்டுபிடிச்சு அடுத்த டிசைன்ல என்ஜினைக் கீழ இறக்கிட்டாரு.

ஒரு டேங்க்ல பெட்ரோல். இன்னொண்ணுல திரவ ஆக்சிஜன், மைனஸ் 183 டிகிரி. அங்க நின்னது மொத்தம் நாலே பேரு. கோடார்ட், அவர் மனைவி எஸ்தர், மெஷினிஸ்ட் ஹென்றி சாக்ஸ், காலேஜ்ல கூட வேலை பாத்த பெர்சி ரூப். மத்தியானம் ரெண்டரை மணி. ஒரு நீளமான கழி முனைல ப்ளோ டார்ச்சைக் கட்டி சாக்ஸ் கைய நீட்டி பத்த வைக்கறாரு. எஸ்தர் கைல சாவி குடுத்து ஓடற சினிமா கேமரா, ஒரு தடவை சாவி குடுத்தா 7 செகண்டுதான் படம் பிடிக்கும். என்ஜின் உறுமுது, ஆனா ராக்கெட் எழும்பல, நெருப்பு கக்கிட்டே அப்படியே நிக்குது. எரிபொருள் கொஞ்சம் கொஞ்சமா தீர்ந்து எடை குறையணும், அப்பதான் எழும்பும். அதுக்குள்ள கேமரா சாவி தீர்ந்து போச்சு. எஸ்தர் மறுபடி சாவி முறுக்கறாங்க, அந்த நேரத்துல சத்தமே பெருசாகாம ராக்கெட் மெல்ல எழும்பி, 41 அடி போய், வளைஞ்சு, 184 அடி தள்ளி முட்டைக்கோஸ் போட்டிருந்த இடத்துல பனிக்குள்ள விழுந்துச்சு. மொத்தம் இரண்டரை செகண்டு.

படம் இல்ல. மனுஷ சரித்திரத்துல இப்படி ஒண்ணு நடந்ததுக்கு ஓடற படம் ஒரு அங்குலம் கூட இல்ல. மறுநாள் டைரில எழுதறாரு, அது எழும்பினது மாயம் மாதிரி இருந்துச்சாம், "இங்க ரொம்ப நேரம் இருந்துட்டேன், உங்களுக்கு ஆட்சேபணை இல்லைன்னா வேற எங்கயாவது போறேன்"னு சொல்ற மாதிரி இருந்துச்சாம். அவ்வளவு அடக்கமான மனுஷன் எழுதின வரி இது, அந்த ஒரு வரிக்காகவே இவரை எனக்குப் பிடிக்கும்.

ஆனா வெளிய சொல்லல. பணம் குடுத்த ஸ்மித்சோனியனுக்கு மட்டும் தகவல் போச்சு, உலகம் இதை விவரமா படிச்சது 1936-ல, அவர் அடுத்த அறிக்கை போட்டப்ப. பத்து வருஷம். அந்தப் பத்து வருஷத்துல என்ன நடந்துச்சுன்னு பாருங்க. ஜெர்மனில இளைஞர்கள் 1927-ல ராக்கெட் சங்கம் ஆரம்பிச்சு, பெர்லின்ல ஒரு பழைய ராணுவ மைதானத்துல திரவ ராக்கெட் விட்டுட்டு இருக்காங்க. நியூயார்க்ல 1930-ல ஒரு சங்கம் ஆரம்பிக்குது, அவங்களுக்கு சொல்லித் தர உள்ளூர்ல ஆள் இல்ல, கோடார்ட் ஒதுங்கியே நின்னுட்டாரு. அதனால பென்ட்ரேங்கற அவங்க ஆளு 1931-ல பெர்லின் போறாரு, ஜெர்மன் பசங்க எல்லாத்தையும் திறந்து காட்டறாங்க, அந்த வடிவத்தை வச்சு இவங்க ஒண்ணு செஞ்சு 1933 மே மாசம் ஸ்டேட்டன் தீவுல விட்டாங்க. ஆபர்ன் நியூயார்க்ல இருந்து ரயில்ல ஒரு நாளைக்குள்ள போயிட்டு வர்ற தூரம்தான். இவங்க கடல் தாண்டிப் போய் கத்துக்கிட்டு வந்தாங்க.

கோடார்ட் பக்கம் 1929 ஜூலைல ஒரு சோதனை, போட்ட சத்தத்துல விமானம் விழுந்துருச்சுன்னு பயந்து அக்கம்பக்கத்து ஜனங்க போலீசைக் கூப்பிட, ஆம்புலன்ஸ் எல்லாம் வந்து நிக்குது, மறுபடி பத்திரிகைல கேலி, இனிமே இந்த மாநிலத்துல இதைப் பண்ணாதேன்னு தீயணைப்பு அதிகாரி தடையே போட்டுட்டாரு. ஆனா அந்தச் செய்தியாலதான் சார்லஸ் லிண்ட்பெர்க் இவரைத் தேடி வந்தாரு. அட்லாண்டிக்கை தனியா விமானத்துல தாண்டின அதே லிண்ட்பெர்க். அவர் சொல்லி குகன்ஹைம்ங்கற பணக்காரக் குடும்பம் முதல் ரெண்டு வருஷத்துக்கு 50,000 டாலர் குடுத்தாங்க, 1930-ல நியூ மெக்சிகோ பாலைவனத்துல ரோஸ்வெல்லுக்கு மூட்டை முடிச்சைக் கட்டிட்டுப் போயிட்டாரு. டிபி அடிச்ச நுரையீரலுக்கு காஞ்ச காத்து, கண்ணுக்கெட்டின தூரம் வரைக்கும் ஆளில்லாத வெட்டவெளி, நாலஞ்சு உதவியாளர். அவர் கேட்டது எல்லாம் கிடைச்ச மாதிரிதான்.

அங்கதான் 1936 ஆகஸ்ட் கடைசில ஃபிராங்க் மலினா வந்தாரு. கலிஃபோர்னியால இருக்கற கால்டெக்ங்கற தொழில்நுட்பக் கல்லூரில ஆராய்ச்சி மாணவன், 23 வயசு. ஜாக் பார்சன்ஸ், எட் ஃபோர்மன்னு டிகிரியே இல்லாத ரெண்டு நண்பர்களோட சேந்து ராக்கெட் என்ஜின் செய்ய ஆரம்பிச்சிருந்த நேரம். கோடார்ட் நல்லபடியா வரவேத்தாரு, ஏவற கோபுரத்தைக் காட்டினாரு, ராக்கெட்டோட உள்பாகம் எதையும் காட்டல. பேச்சுக்கு நடுவுல நியூயார்க் டைம்ஸ் எழுதினது வந்துச்சாம். 16 வருஷம் ஆகியும் அந்தக் காயம் ஆறல. ராக்கெட்டையே தன் சொந்த நிலம் மாதிரியும், வேற யாராவது அதுல கை வச்சா அத்துமீறி உள்ள வந்தவங்க மாதிரியும் அவர் நினைச்சதா மலினா பிற்காலத்துல எழுதினாரு.

இதைப் படிச்ச அன்னைக்கு எனக்குத் தூக்கம் வரல. அந்தப் பையன் நான்தான். எனக்கு டீ கிளாஸ், அவனுக்கு கோபுரம்.

பம்ப் விஷயம் ஒண்ணு சொல்லியே ஆகணும். ராக்கெட் என்ஜினுக்குள்ள எரிபொருளைத் தள்ள ரெண்டு வழி. ஒண்ணு, டேங்க்கையே அழுத்தத்துல வைக்கறது, அப்படின்னா டேங்க் சுவர் தடியா இருக்கணும், ராக்கெட் கனமாயிரும். இன்னொண்ணு பம்ப். சின்னதா, எடை இல்லாம, பயங்கர வேகத்துல சுத்தணும், ஒரு பக்கம் சாதாரண பெட்ரோல், இன்னொரு பக்கம் மைனஸ் 183 டிகிரி ஆக்சிஜன், அந்தக் குளிர்ல பேரிங் கிரீஸ் கல்லாயிரும், சீல் சுருங்கிரும், எண்ணெய்ப் பிசுக்கு திரவ ஆக்சிஜன்ல பட்டா வெடிச்சே போகலாம். எங்க பட்டறைல தண்ணிக்கே சீல் ஒழுகுதுன்னு ராத்திரி பகலா உக்காந்திருக்கோம். கோடார்டும் நாலஞ்சு ஆளுங்களும் இதை ரோஸ்வெல் ஷெட்ல உக்காந்து செஞ்சாங்க. 1940 ஆகஸ்ட்ல பம்ப் வச்ச ராக்கெட் எழும்பி சுமார் 300 அடி போச்சு. கைரோஸ்கோப், அதாவது சாயாம சுத்தற சக்கரம், வச்சு திசை திருத்தறது, எரியற புகைக்குள்ளயே தகடு வச்சு திருப்பறது, என்ஜின் சுவரை எரிபொருளாலயே குளிர வைக்கறதுன்னு எல்லாத்தையும் அவர் தொட்டுப் பாத்தாச்சு. ரெண்டு வருஷம் கழிச்சு, 1942 அக்டோபர் 3 அன்னைக்கு ஜெர்மனியோட ராக்கெட், பின்னால வி-2ன்னு பேர் வாங்கினது, விண்வெளி விளிம்பு வரைக்கும் போயிருச்சு. அதுவும் பம்ப்தான். ஆனா அங்க வேலை பாத்தது ஆயிரக்கணக்குல ஆளுங்க, அரசாங்கப் பணம். பின்னாடி அதே ராக்கெட்டை மிட்டல்பாவ் டோராங்கற நாஜி முகாம் கைதிகளை அடிமையா வச்சுத்தான் செஞ்சாங்க, எத்தனையோ ஆயிரம் பேர் அங்கயே செத்தாங்க. அதனால கூட்டமா செஞ்சது எல்லாம் நல்லதுன்னு நான் சொல்ல வரல.

ஆனா திறந்து வச்சு செஞ்சவங்க அமெரிக்காலயே இருந்தாங்க. நியூயார்க் சங்கத்துல ஜேம்ஸ் வைல்ட்னு ஒருத்தர் என்ஜினைச் சுத்தி எரிபொருளை ஓட விட்டு குளிர வைக்கற மோட்டார் செஞ்சாரு, அதை வச்சு 1941-ல நாலு சங்கத்துக்காரங்க சேந்து நியூ ஜெர்சில ஒரு கம்பெனி ஆரம்பிச்சாங்க, 1947 அக்டோபர் 14 அன்னைக்கு விமானி சக் யேகர் சத்தத்தோட வேகத்தைத் தாண்டினது அவங்க செஞ்ச என்ஜின்லதான். கால்டெக் பசங்க கதை இன்னும் பெருசு. பார்சன்ஸ் 1942-ல ரோடு போடற தாரோட பொட்டாசியம் பெர்குளோரேட்டைக் கலந்து அச்சுல ஊத்தற மாதிரி ஒரு திட எரிபொருள் செஞ்சாரு, அன்னைக்கு வரைக்கும் மருந்தை இடிச்சு இறுக்கறதுதான் வழக்கம், விரிசல் விட்டா வெடிச்சிரும். அச்சுல ஊத்தி செய்யற அந்த வழிலதான் பெரிய பெரிய திட ராக்கெட் எல்லாம் பின்னால வந்துச்சு. அவங்க கூட்டம்தான் ஜெட் ப்ரொபல்ஷன் லேபரட்டரியா வளந்துச்சு, 1958 ஜனவரி 31 ராத்திரி அமெரிக்காவோட முதல் செயற்கைக்கோள் எக்ஸ்ப்ளோரர் 1 மேல போனப்ப அதைச் செஞ்சதும், மேல் அடுக்குல இருந்த 15 சின்ன திட ராக்கெட்டைச் செஞ்சதும் அவங்கதான். கீழ் அடுக்கு வி-2 செஞ்ச ஃபான் பிரவுன் ஆளுங்களோடது. அந்த ராக்கெட்ல கோடார்ட் கை பட்டது எதுவுமே இல்ல. கோடார்டுல இருந்து இன்னைக்கு ராக்கெட்டுக்கு நேர் வழி எதுவும் இல்ல, அவர் பட்டுப்போன ஒரு கிளைன்னு கால்டெக் பேராசிரியர் ஃபான் கார்மன் சொன்னாரு. கேக்க கொடுமையா இருக்கு, ஆனா மறுக்க முடியல. அதே ஃபான் கார்மன் ஆளுங்களோட சேந்து வேலை பாக்கச் சொல்லி குகன்ஹைம் ஒரு தடவை கேட்டப்ப கோடார்ட்தான் ஒத்துக்கல.

1938-ல நியூ இங்கிலாந்துல பெரிய புயல் அடிச்சுது. ரோஸ்வெல்ல இருந்தவருக்கு சேதி வருது, வூஸ்டர் வீட்டுக் கொல்லைல அந்த செர்ரி மரம் சாய்ஞ்சிருச்சுன்னு. டைரில எழுதறாரு: செர்ரி மரம் விழுந்துருச்சு, இனி தனியாத்தான் போகணும்.

அவருக்கு அத்தனை வருஷமும் துணைக்கு ஒரு மரம் இருந்திருக்கு.

1945 ஆகஸ்ட் 10, தொண்டைப் புத்துநோய்ல போயிட்டாரு. அதுக்கப்புறம் எஸ்தர் உக்காந்தாங்க. நோட்டு நோட்டா, டைரி டைரியா எடுத்து ஒழுங்குபடுத்தி, அவர் விட்டுட்டுப் போன குறிப்புல இருந்து 131 பேட்டன்ட் வாங்கினாங்க, மொத்தம் 214. ராக்கெட் செய்யற அரசாங்கம் எந்தப் பக்கம் திரும்பினாலும் இந்தப் பேட்டன்ட்ல முட்டிக்கிச்சு, 1960-ல 10 லட்சம் டாலர் குடுத்து தீத்துக்கிட்டாங்க. 1969 ஜூலை 17, அப்போலோ 11 நிலாவுக்குப் போயிட்டு இருக்கற வழில, ராக்கெட் வெற்றிடத்துலயும் வேலை செய்யும், தப்புக்கு வருந்துறோம்னு நியூயார்க் டைம்ஸ் சின்னதா போட்டுச்சு. எங்க பெரியவர் டிராயரைத் திறந்து அந்தக் கோடையும் புள்ளியையும் படிச்சு சொல்ல எங்களுக்கு ஒரு எஸ்தர் இல்ல.

போன வருஷம் தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்தேன், அவ இருக்கறது வூஸ்டர் பக்கம்தான். ஆபர்ன் பண்ணை இருந்த இடம் இப்ப கோல்ஃப் மைதானம். கேட்டுட்டு உள்ள போனோம், புல்லுக்கு நடுவுல ஒரு கல்லு நட்டு வச்சிருக்காங்க, அவ்வளவுதான். 184 அடின்னா என் தப்படிக்கு 75 வரும், கல்லுல இருந்து எண்ணிட்டே நடந்து போய் நின்னேன். முட்டைக்கோஸ் எந்தப் பக்கம் போட்டிருந்தாங்களோ தெரியாது, ஒரு குத்துமதிப்புதான். தங்கச்சி பையன் கூடவே ஓடி வந்தான்.

"இவ்ளோ தூரம்தானா மாமா?"

"இவ்ளோதான்டா."

"யாருமே பாக்கலையா?"

"நாலு பேர் பாத்தாங்க"ன்னேன். அவன் கல்லைத் திரும்பிப் பாத்துட்டு, மறுபடி அங்கருந்து இங்க வரைக்கும் ஓடி வந்தான், வாயாலயே உஸ்ஸுன்னு சத்தம் போட்டுக்கிட்டு.